மூன்றாவது பெண்ணின் மொட்டை மாடி

எங்கள் தெருவுக்கு மேலே பறக்கும் கேமரா வந்த அன்று அதை முதலில் பார்த்தது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. எதிர்வீட்டு உம்மு சல்மாவின் கொடியில் அவருடைய இரண்டாவது மருமகனின் சட்டைகள் காய்கின்றனவா, அதாவது ஆள் ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்துவிட்டாரா என்று பார்ப்பதற்காக மாடிக்குப் போயிருந்தேன். சட்டைகள் காய்ந்தன. சட்டைகளுக்கு மேலே, வண்டு மாதிரி இரைந்துகொண்டு நாலு இறக்கை வைத்த ஒன்று நின்றது.

கீழே தெருமுனையில் குடை பிடித்தபடி ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஷூ. சுரிதாருக்கு ஷூ போட்டுக்கொண்டு வருகிறவர்கள் ஒன்று கணக்கெடுக்க வருவார்கள், இல்லை காலி செய்யச் சொல்ல வருவார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இறங்கிப் போய்க் கேட்டேன்.

"மின்துறை திட்டப் பிரிவுலேர்ந்து வர்றேங்க. எழில்மதி. சொந்த ஊரு சுரக்குடிதான்" என்றது அந்தப் பெண். "ரெண்டாயிரத்து அம்பதுக்குள்ள நம்ம காரைக்கால் முழுக்க வெயில்லயும் காத்துலயுமே ஓடணும். அதுக்கு நீண்ட காலத் திட்டம் போடுறோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்ரோலும் வேறொரு திரவமும் இங்கே விலை குறைவு என்பதால், பக்கத்து மாவட்டங்களிலிருந்து வண்டியையும் வயிற்றையும் நிரப்பிக்கொள்ள ஆட்கள் வருகிற ஊர் இது. இந்த ஊரை வெயிலில் ஓட வைக்கப் போகிறாளாம். ஆனால் அந்தப் பெண் விவரமாகத்தான் பேசினாள். சுரக்குடிப் பக்கம் வயல் மோட்டாரெல்லாம் சூரிய மின்சாரத்துக்கு மாறும். பட்டினச்சேரிக்கு நேரே கடலில் காற்றாலை வரும். அங்கே போய்ச் சொன்னபோது மீனவர்கள், 'காத்தாடிய நட்டுட்டு வலையை உங்க ஆபீசுலயா விரிக்கிறது?' என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். அதனால் நகரத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நகரத்தில் எங்கள் தெரு. எங்கள் தெருவில் முப்பத்தெட்டு மொட்டை மாடி.

"மேலேர்ந்து பாத்தா எல்லாம் காலியாக் கெடக்குதுங்க" என்றாள் எழில்மதி, கையிலிருந்த திரையைக் காட்டி. "இவ்ளோ எடத்த சும்மா வச்சிருக்கீங்களே!"

நான் அந்தத் தெருவில் வாடகைக்கு இருக்கிறவள். கூரை எனக்குச் சொந்தமில்லை. கருத்துச் சொல்லவும் யாரும் கேட்கவில்லை. அதனால் "ஆமாமா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு மட்டும் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

உம்மு சல்மாவின் வீட்டுக்காரர் அல்லா பிச்சை பாய். இருபத்தெட்டு வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் தெரு நலச்சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்துத் தன்னையே தலைவராகவும் தேர்ந்தெடுத்துக்கொண்டார். சங்கத்துக்கு அதுவரை கிடைத்த மிகப் பெரிய வெற்றி, குப்பை வண்டிக்காரன் காலை ஏழு மணிக்குப் பதிலாக எட்டு மணிக்கு வர ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்டவரிடம் 'காரைக்காலின் முதல் சூரியத் தெரு' என்று ஒருத்தி வந்து சொன்னால் என்ன ஆகும்? மனுஷன் ரெண்டு நாள் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை. டீக்கடையிலும் பள்ளிவாசல் வாசலிலும் நின்று, அகப்பட்ட ஆண்களையெல்லாம் பிடித்துக் கையெழுத்து வாங்கினார். முப்பத்தெட்டு வீட்டுக்கும் முப்பத்தெட்டு கையெழுத்து. மூன்றாவது நாள் அச்சகத்திலிருந்து அழைப்பிதழே வந்துவிட்டது: வருகிற புதன்கிழமை, முதல் சூரியத் தகடு பொருத்தும் விழா, இடம் தலைவர் இல்லம்.

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வீடு பெண்ணுக்குத்தான். பெண் பிறந்தால் வீடு; நிக்காஹ் ஆனால் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார், ஒரு மாதத்தில் அதே பெட்டியோடு விமானம் ஏறுவார். மூத்தவளுக்குக் கீழ்வீடு. அடுத்தவளுக்கு முதல் மாடி. மூன்றாவது ஒருத்தி பிறந்துவிட்டால் அவளுக்கு மொட்டை மாடி. அதில் வீடு பிறகு வரும்; அதுவரை தூண் கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். மேலேயிருந்து படம் எடுத்தால் கம்பி தெரியாது. காலி இடம்தான் தெரியும்.

உம்மு சல்மாவுக்கு மூன்று பெண்கள். மூன்றாவது, சித்திக்கா. இருபத்து நாலு வயது. கல்யாணத்துக்கு இன்னும் மாப்பிள்ளை பார்க்கவில்லை. ஆனால் அவள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே அந்த வீட்டு மாடியில் எட்டுத் தூணுக்குக் கம்பி விட்டாயிற்று. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் உம்மு சல்மா ஒரு வாளியில் சிமெண்டுப் பால் கரைத்துக்கொண்டு மேலே ஏறுவார். துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு கம்பிக்கும் துணியால் பூசுவார். அந்த வாளியை ஒருமுறை நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

சித்திக்கா பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டிராவல்ஸில் வேலை செய்கிறாள். வளைகுடாவுக்குப் போகிறவர்களின் விசா படிவங்களை நிரப்புவது அவள் வேலை. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒட்டகம் மேய்க்கப் போன கதைகள் அவளுக்கு நாலைந்து தெரியும். ஆகவே அச்சடித்த எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கம். அப்பா கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்த படிவத்தையும் அப்படியே படித்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் சத்தம் கேட்டது. நான் நாலு முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு போனேன். அந்த வீட்டுப் பின்கட்டிலேயே முருங்கை மரம் இருக்கிறது என்பது வாசலில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"வாப்பா, பதினோராம் பக்கத்தைப் படிச்சீங்களா?"

"பத்துப் பக்கம் படிச்சாச்சுல்ல? அதுல என்னா புதுசா எழுதப் போறான்?" என்றார் அல்லா பிச்சை. ஒரு பக்கமும் படிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"தகடு வச்ச நாள்லேர்ந்து இருபத்தஞ்சு வருசத்துக்கு அந்த மாடி மேல எந்தக் கட்டுமானமும் எழுப்பக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"நல்லதுதானே. செங்கல் விக்கிற வெலையில எவன் கட்டப் போறான்?"

"நான் கட்டப் போறேன். அது என் வூடு. இருபத்தஞ்சு வருசம் கழிச்சி எனக்கு நாப்பத்தொம்போது வயசாவும் வாப்பா."

இரண்டாவது மருமகன் அஸ்கர் நாற்காலியில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தார். ஷார்ஜாவில் குளிர்பதனக் கிடங்கில் வேலை. அந்தக் குளிருக்குப் பழகிய உடம்பு. மாடியில் தகடு வைத்தால் வீட்டுக்கு ஒரு பங்கு மின்சாரம் இலவசம் என்று கேள்விப்பட்ட நிமிஷத்திலிருந்து மாமனாரின் வலக்கை ஆகிவிட்டார்.

"அதுக்குள்ள ஒனக்குக் கல்யாணம் ஆயிடும் சித்திக்கா. ஏன் பயப்படுறே?"

"ஆனா எங்க இருக்கறது மச்சான்? ஒங்க ஏசிக்கு அடியிலயா?"

"பூவத்துல எடம் கெடக்குல்ல?" என்றார் அல்லா பிச்சை. "அதுல தனியா, காத்தோட்டமா கட்டித் தர்றேன்."

"பூவத்துல யாரு இருக்கா? எல்லைக் கல்லு இருக்கு. அதுகூட பாதி தமிழ்நாட்டுக்காரன்." சித்திக்கா படிவத்தை மூடி வைத்தாள். "ராத்தா ரெண்டு பேரும் உம்மாவோட இருப்பாங்க. எனக்கு ஒடம்பு முடியலன்னா பஸ்ஸு புடிச்சி வந்து சொல்லணுமா?"

மூத்தவளும் நடுவுள்ளவளும் தங்கையைப் பார்த்தார்கள், பிறகு மின்விசிறியைப் பார்த்தார்கள். போன மே மாதப் புழுக்கம் நினைவுக்கு வந்திருக்கும்.

உம்மு சல்மா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "நீ சொல்லேன் சல்மா" என்றார் அல்லா பிச்சை. "அழைப்பு அடிச்சாச்சு. ஊரு பூரா என் நாக்கால சொல்லிட்டேன். நாளைக்கு நான் டீக்கடைப் பக்கம் போவ வேணாமா?"

உம்மு சல்மா யாருக்கும் எதையும் மறுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. மீன்காரன் நேற்றைய மீனை இன்றைய மீன் என்று கொடுத்தாலும் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்து அழுவார். அன்றைக்கும் அவர் கணவரைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், சித்திக்காவைப் பார்த்தார். "பாப்போம்" என்றார். அந்த வீட்டில் 'பாப்போம்' என்றால் 'சரி' என்று அர்த்தம். சித்திக்காவுக்கும் தெரியும். எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கூட்டம். நடுவில் திரைச்சீலை கட்டி, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கம் மின்விசிறி சரியாக ஓடாததால் எழில்மதியின் திட்டத்துக்கு அங்கே ஆரம்பத்திலேயே நல்ல ஆதரவு இருந்தது. வெள்ளைத் துணியில் காரைக்கால் வரைபடம் விழுந்தது. பூவம் ஒரு மூலை, பட்டினச்சேரி ஒரு மூலை, நடுவில் எங்கள் தெரு நீலமாக.

எழில்மதி நன்றாகத்தான் பேசினாள். 2030-ல் இவ்வளவு, 2040-ல் இவ்வளவு, 2050-ல் புகையே இல்லை.

"2050-ல புகை இருக்காது, நாமளும் இருக்க மாட்டோம்" என்றது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ஹயாத்து இருந்தா பாக்கலாம் பாய், ஏன் அவசரப்படுறீங்க?" என்றது இன்னொன்று.

பிறகுதான் அவள் அதைக் கேட்டாள். "கையெழுத்துப் போட்டவங்க எல்லாம் வீட்டு வரி ரசீது, பத்திர நகல் கொண்டாந்திருக்கீங்களா? ஒவ்வொருத்தரா வந்து பேரைச் சரிபார்த்துக்குவோம்."

முதலில் எழுந்தவர் ஜவஹர் அலி. ஜவுளிக் கடைக்காரர். ரசீதை நீட்டினார்.

"இதுல வேற பேரு இருக்குங்களே?"

"அது என் பொஞ்சாதி பேரு."

"சரிங்க. அடுத்தவங்க?"

அடுத்தவருடையது மாமியார் பெயரில். அதற்கடுத்தவருடையது மனைவியின் பாட்டி பெயரில், நொத்தேர், அதாவது அந்தக் காலத்துப் பத்திர அதிகாரி, எழுதிய பிரெஞ்சுப் பத்திரம். பாட்டியும் இல்லை, நொத்தேரும் இல்லை, தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவரும் இல்லை. பதினைந்து பேர் ஆயிற்று. எழில்மதி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்க ஆம்பளைங்க பேர்ல வீடு யாருக்காவது இருக்கா?"

நீண்ட நேரம் கழித்துப் பின்வரிசையில் ஒரே ஒரு கை தூக்கப்பட்டது. அவர் திருமணம் ஆகாதவர்.

இதை நான் பிறகு பலரிடம் யோசித்துச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் யாரும் ஏமாற்றவில்லை. வாசலுக்கு வெளியே உள்ள காகிதத்திலெல்லாம் ஆண் கையெழுத்துப் போடுவான். வாசலுக்கு உள்ளே உள்ளதெல்லாம் பெண்ணுடையது. இத்தனை தலைமுறையாக இரண்டும் மோதிக்கொள்ளவே இல்லை. மொட்டை மாடி உள்ளேயா வெளியேயா என்று கேட்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

அல்லா பிச்சை எழுந்தார். "அம்மா, அதெல்லாம் ஒரு பிரச்னையே இல்ல. எங்க பொம்பளைங்க நாங்க சொன்னா போட்டுருவாங்க."

திரைக்கு இந்தப் பக்கம் எல்லாத் தலையும் நிமிர்ந்தது. எனக்கு ரெண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த சித்திக்கா எழுந்தாள்.

"மேடம், ஒங்க படத்துல எங்க வூட்ட நீலமா போட்டு 'காலி மொட்டை மாடி'ன்னு எழுதியிருக்கீங்க. அது காலியில்ல. அதுல நான் இருக்கேன்."

"புரியலம்மா" என்றாள் எழில்மதி.

"கீழ எங்க பெரிய ராத்தா. நடுவுல சின்ன ராத்தா. மேல நான். கட்டல, அவ்ளோதான். பதினோராம் பக்கத்துல கையெழுத்துப் போட்டா இருபத்தஞ்சு வருசம் நான் கட்ட முடியாது. அப்பறம் என்னத்துக்குக் கட்டுறது? நான் செத்தா என் மையத்த எறக்கறதுக்கு லிஃப்டு வைக்கவா?"

ஆண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள். அதற்குள் இந்தப் பக்கம் இன்னொருத்தி எழுந்துவிட்டாள். "பதினோராம் பக்கத்துல அப்பிடியா இருக்கு? எனக்கும் மூணு பொம்பளப் புள்ளைங்க மேடம், கடைக்குட்டிக்கு அஞ்சு வயசு." "எங்க வூட்டுல நாலு. நாலாவதுக்கு எங்க போறதுன்னு ஏற்கனவே தூக்கம் இல்ல." "எனக்கு மூணாவது வயித்துல இருக்கு. பொண்ணான்னு தெரியாது, ஆனா மாடிய குடுக்க மாட்டேன்."

எழில்மதி அந்தப் பக்கம் மேசையில் பட்டியலை வைத்துக்கொண்டு பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனது திரைச்சீலை ஓரமாக எனக்குத் தெரிந்தது. முப்பத்தெட்டு, முப்பது, இருபத்திரண்டு. கடைசியில் நின்றது ஆறு. ஆறும் ஆண்பிள்ளை மட்டுமே பிறந்த வீடுகள். அந்த ஆறு வீட்டுப் பெண்களும் ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

அல்லா பிச்சை மண்டபத்திலிருந்து பின்வாசல் வழியாகப் போனார். முன்வாசலில் அவருடைய பெயர் போட்ட பதாகை கட்டியிருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் சித்திக்கா பிழைத்திருப்பாள். ஆனால் மற்ற வீடுகள் தப்பிக்கத் தப்பிக்க, அவளுடைய வீட்டில் பிடி இறுகியது. முப்பத்தேழு போனாலும் தலைவர் வீடு ஒன்றாவது மிஞ்ச வேண்டாமா? புதன்கிழமை விழா நிற்கவில்லை. அழைப்பிதழில் இருக்கிற வீடு அந்த வீடு. கையெழுத்துப் போட வேண்டியவர் இப்போது யார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது: பத்திரத்தில் பெயர் உள்ள உம்மு சல்மா.

அன்று ராத்திரி அல்லா பிச்சை சாப்பிடவில்லை. மூத்த மருமகன் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வந்து பேசினார். அஸ்கர் மாமியாருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்; கல்யாணம் ஆன ஆறு வருடத்தில் முதல் தடவை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அந்த வீட்டுச் சமையல்கட்டு ஜன்னல் கதவைச் சரியாகச் சாத்த முடியாது.

"ஒரே ஒரு கையெழுத்து மாமி" என்றார் அஸ்கர். "மாமா மொகத்த பாருங்க. எப்பிடி இருந்த மனுசன்!"

"இவளுக்கு நான் செய்யாமலா போயிருவேன்?" என்றார் அல்லா பிச்சை. "அல்லா மேல ஆணையா பூவத்துல அரண்மன மாதிரி கட்டித் தர்றேன்."

சித்திக்கா அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. அம்மாவுக்கு 'இல்லை' சொல்ல வராது.

"புதன்கிழம காலையில போடுறேன்" என்றார் உம்மு சல்மா.

வீடு மூச்சு விட்டது. அல்லா பிச்சை ரெண்டு இட்லி சாப்பிட்டார். சித்திக்கா அழுதது மட்டும்தான் பிறகு கேட்டது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உம்மு சல்மா புர்கா போட்டுக்கொண்டு, கையில் மஞ்சள் பையோடு ஏறினார். சித்திக்காவையும் ஏறச் சொன்னார். வேலைக்குப் போகக் கிளம்பியவள், ஒன்றும் புரியாமல் சாப்பாட்டு டப்பாவோடு ஏறினாள்.

"எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"ஆசுபத்திரிக்கி" என்றார் உம்மு சல்மா.

ஆஸ்பத்திரிக்கு யாரும் வரி ரசீதை எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். மஞ்சள் பையிலிருந்து அதன் ஓரம் எட்டிப்பார்த்தது. ஆட்டோ போன திசையும் ஆஸ்பத்திரித் திசை இல்லை. நான் அரைமணி நேரம் பொறுத்தேன். பிறகு பத்திரம் எழுதும் சண்முகசுந்தரத்தின் மனைவிக்குப் போன் போட்டேன். எங்களுக்குள் பழக்கம் உண்டு.

மத்தியானம் ஒரு மணிக்குத் தெருவுக்கே தெரிந்துவிட்டது. உம்மு சல்மா மொட்டை மாடியையும், அதற்கு மேலே வீடு கட்டிக்கொள்ளும் உரிமையையும் சித்திக்கா பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டார். நிக்காஹ் ஆகவில்லை, நிச்சயம் ஆகவில்லை, மாப்பிள்ளை யாரென்றே தெரியாது. எங்கள் தெருவில் மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் பெண்ணுக்கு வீடு வரும். ஆனால் பத்திரம் நிக்காஹுக்குப் பக்கத்தில்தான் வரும். கன்னிப் பெண் பேருக்கு எழுதியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. டீக்கடையில் அதைப் பற்றிப் பேசிய அளவுக்கு 2050-ஐப் பற்றி யாரும் பேசவில்லை.

அல்லா பிச்சை தெருவே கேட்கக் கத்தினார். "என்னா காரியம் பண்ணிட்டு வந்து நிக்கிறே? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

உம்மு சல்மா புர்காவைக் கழற்றி மடித்து வைத்தார். "எனக்கு இல்லன்னு சொல்ல வராது. ஒங்களுக்கும் தெரியும், புள்ளைங்களுக்கும் தெரியும், மீன்காரனுக்கும் தெரியும். அதான் சொல்லத் தெரிஞ்சவ பேருக்கு எழுதிட்டேன். போயி அவகிட்ட கேளுங்க."

அஸ்கர் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், விடுமுறை முடிய இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

"சித்திக்கா, நம்ம வூட்டுக்கு ஒரு நல்லது..."

"இல்ல மச்சான்" என்றாள் சித்திக்கா.

அவ்வளவுதான். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், தூண் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மூத்தவள் ஊறுகாய் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கொஞ்ச நேரத்தில் நடுவுள்ளவளும் போனாள்.

செவ்வாய்க்கிழமை எழில்மதி வந்தாள். ஷூ இல்லை, செருப்பு. விழாவை ரத்து செய்ததைச் சொல்ல வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேலதிகாரிக்கு வெள்ளிக்கிழமைக்குள் திட்ட அறிக்கை போக வேண்டும். முப்பத்தெட்டு மாடி என்று ஏற்கனவே சொல்லியிருக்கிறாள்.

"எங்க ஊர்ல நெலம்னா பையனுக்கு, நகைன்னா பொண்ணுக்குங்க" என்றாள் உம்மு சல்மாவிடம். "எனக்கு ஆறு பவுனோட சரி. இப்பிடி ஒண்ணு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

"ஒங்க பதினோராம் பக்கத்த மாத்த முடியுமா?" என்று கேட்டாள் சித்திக்கா. படிவத்தில் ஏற்கனவே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள்.

"என்னன்னு மாத்தறது?"

"கட்டக் கூடாதுன்னு போடாதீங்க. எப்ப கட்டி முடிக்கிறோமோ அப்பறம் அதுக்கு மேல தகடுன்னு போடுங்க. எனக்கு வெயிலோட சண்ட இல்ல மேடம். எனக்குக் கூரை வேணும். என் கூரைக்கு மேல நீங்க என்னா வேணாலும் வைங்க."

"வருசம் போடணுமே. திட்டத்துல வருசம் இல்லாம ஒரு வரி போக முடியாது."

"போடுங்க. எனக்கு 2028." கொஞ்சம் யோசித்தாள். "ஜவஹர் அலி பாய் வூட்டு ரெண்டாவது பொண்ணுக்கு இப்ப பதினாலு. 2036-னு வைங்க. மூல வூட்டுக் கடைக்குட்டிக்கு அஞ்சு வயசு. அதுக்கு 2045."

எழில்மதி பேனாவை எடுத்தாள். அப்புறம் நடந்ததுதான் எங்கள் தெரு இன்றுவரை பேசிச் சிரிக்கிற விஷயம். மூன்று நாள் அவள் வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளின் வயதை எழுதிக்கொண்டு வந்தாள். கூடவே சித்திக்கா. வழி காட்ட நானும். எந்த வீட்டிலும் வருடம் கேட்டதற்கு ஒரு தாயும் யோசிக்கவில்லை. மூன்று வயதுக் குழந்தை இடுப்பில் எச்சில் வடித்துக்கொண்டிருக்க, அதன் அம்மா "இன்ஷா அல்லாஹ் 2046, மழைக்கு முன்னாடி" என்கிறாள். 2050 என்றதும் 'நாமளும் இருக்க மாட்டோம்' என்று சொன்ன தெருவா இது என்று நினைத்துக்கொண்டேன். வயிற்றில் மூன்றாவதைச் சுமந்தவள் வீட்டுக்கு மட்டும் 'அக்டோபரில் தெரியும்' என்று எழுதினாள் எழில்மதி.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி போன் செய்தபோது அவள் உம்மு சல்மா வீட்டில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள், நாங்கள் கேட்டதால்தான் போட்டாள்.

"என்னம்மா எழில்மதி, இது மின்சாரத் திட்டமா, கல்யாணப் பதிவேடா? மூணாவது பொண்ணு, வயசு அஞ்சு, தகடு 2045-னு போட்டிருக்கே?"

"சார், போன திட்டத்துல நாம போட்ட வருசம் எதாவது நடந்துச்சா?"

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"இவங்க போட்ட வருசம் நடந்துரும் சார். கம்பி விட்டாச்சு."

"அக்டோபரில் தெரியும்னா என்னம்மா?"

"அது அக்டோபர்ல தெரியும் சார்."

அறிக்கை போனது. ஒப்புக்கொண்டார்களா, அலமாரியில் வைத்தார்களா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ஆறு வீட்டு மாடிகளில் மட்டும் தகடு வந்துவிட்டது. அந்த ஆறு அம்மாக்களும் இப்போது ஏசி போட்டுக்கொண்டு, பெண்பிள்ளை இல்லாத குறையைக் கொஞ்சம் மறந்திருக்கிறார்கள்.

அஸ்கர் வேர்த்து விறுவிறுத்துப் பெட்டியோடு ஷார்ஜா போய்ச் சேர்ந்தார். அல்லா பிச்சை பத்து நாள் டீக்கடைப் பக்கம் போகவில்லை. மகளோடு பேசவும் இல்லை. உம்மு சல்மாவோடு பேசாமல் இருக்க முடியாது, சாப்பாடு வேண்டும்.

போன வாரம் கொத்தனார் செல்லக்கண்ணு வந்தார். 2028-க்குத் தகடு என்றால் இப்போதே சுவர் எழும்ப வேண்டும் என்று சித்திக்கா சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வந்து பார்த்துக்கொள்ளட்டுமே என்றதற்கு, "வர்றவரு பாத்துக்குவாரு, நான் கட்டிக்கிறேன்" என்றாளாம். செல்லக்கண்ணு அளவு நாடாவின் ஒரு முனையை அவளிடம் கொடுத்துவிட்டு மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடினார். அல்லா பிச்சை தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்தவர் மாதிரி மாடிக்கு வந்து நின்றார். தொட்டி நிரம்பித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். பிறகு வந்து நாடாவின் முனையைப் பிடித்தார்.

"பத்தடி போதும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"பன்னெண்டு வாப்பா. இழுத்துப் புடிங்க."

இழுத்துப் பிடித்தார். செல்லக்கண்ணு சுண்ணாம்பால் தரையில் கோடு போட்டார்: இது அறை, இது சமையல்கட்டு, இது வாசல். கோட்டுக்கு உள்ளே சித்திக்கா நின்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு நேராக என் மாடியைப் பார்த்து, "அக்கா, சமையல்கட்டு ஜன்னல அந்தப் பக்கம் வைக்கப் போறேன், ஒங்க வூட்டுக்கு எதிர்ல வராது!" என்று கத்தினாள்.

அந்தப் பக்கம் இருக்கிற வீட்டில் ஒரு போர்ஷன் காலியாகப் போகிறதாம். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.